டெக்ஸ் மார்ட்டினும் லாலாகுடா அங்கிளும்

எங்கள் வீட்டுப் பரணில் முப்பது வருடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. ஆப்பிள் வந்த பெட்டி. உள்ளே நாற்பத்தியொரு எல்.பி. இசைத்தட்டுகள். எங்களிடம் ரெக்கார்ட் பிளேயர் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை, போகிக்கு முதல் நாள், அப்பா அந்தப் பெட்டியை இறக்குவார். ஒவ்வொரு தட்டையும் உறையிலிருந்து எடுத்து வேட்டித் துணியால் துடைத்து, நிற்கவைத்து அடுக்கி, திரும்ப மேலே ஏற்றிவிடுவார். படுக்கப் போட்டால் வளைந்துவிடும் என்று அங்கிள் சொல்லியிருந்தாராம்.

எங்கள் வீட்டில் அவருக்கு அங்கிள் என்பதுதான் பெயர். செகந்தராபாத் லாலாகுடா ரயில்வே காலனியில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். அப்பா ரயில்வே கணக்குப் பிரிவில் குமாஸ்தா. அங்கிள் மெயில் டிரைவர். நீராவி எஞ்சினில் கரி அள்ளிப்போடும் வேலையில் தொடங்கி டீசலுக்கு வந்தவர். ஆங்கிலோ இந்தியர். பெரம்பூரில் பிறந்தவர் என்பதால் தமிழ் பேசுவார். அந்தத் தமிழில் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு 'மேன்' வரும். "இன்னா மேன், டிபன் ஆச்சா?" என்று அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பதும், விருதுநகர்ப் பக்கத்துக்காரரான அப்பா "ஆச்சு மிஸ்டர்" என்று பதில் சொல்வதும் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்ததும் அவர் வீட்டில் ஜிம் ரீவ்ஸ் ஆரம்பித்துவிடுவார். பெரம்பூர், போத்தனூர், ஜான்சி, கரக்பூர் என்று எந்த ரயில்வே காலனியில் வளர்ந்தவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அமெரிக்காவில் எல்விஸைக் கொண்டாடினார்கள் என்றால் இங்கே பல வீடுகளில் ஜிம் ரீவ்ஸுக்குத்தான் முதல் மரியாதை. 1964இல், நாற்பதே வயதில் விமான விபத்தில் இறந்துபோன அந்தப் பாடகருக்கு, அதற்குப் பிறகும் இந்தியாவில் ஒரு முழுத் தலைமுறை ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

அந்தப் பெட்டியில் பெரும்பாலும் ஜிம் ரீவ்ஸ்தான். ஆனால் நான் சொல்ல வந்தது, கப்பலில் வேலை பார்த்த அங்கிளின் தம்பி எங்கிருந்தோ வாங்கிவந்து கொடுத்த இரண்டு தட்டுகளைப் பற்றி. இரண்டும் 1963இல் வெளிவந்தவை. பாடியவர் டீன் மார்ட்டின். ஆனால் உறையில் அவர் பெயருக்கு நடுவில் 'டெக்ஸ்' என்று ஒரு பட்டப்பெயரைச் செருகியிருந்தார்கள். முதல் தட்டு 'டீன் டெக்ஸ் மார்ட்டின்: கன்ட்ரி ஸ்டைல்'. அடுத்தது 'டீன் டெக்ஸ் மார்ட்டின் ரைட்ஸ் அகெய்ன்'.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறைக்கு சிவகாசியில் மாமா வீட்டுக்குப் போனால் அங்கே லயன் காமிக்ஸ் குவிந்து கிடக்கும். எனக்குத் தெரிந்த டெக்ஸ் ஒரே ஒருவர்தான்: டெக்ஸ் வில்லர். அகலத் தொப்பி, மஞ்சள் சட்டை, சிவகாசித் தமிழ்நடையில் வில்லன்களை மிரட்டும் ரேஞ்சர். எனவே டெக்ஸ் மார்ட்டின், டெக்ஸ் வில்லரின் தம்பி என்று முடிவு செய்தேன். பள்ளியிலும் அப்படியே சொல்லிவைத்தேன்.

பல வருடங்கள் கழித்துத் தெரிந்தது, அந்த முட்டாள்தனத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. டெக்ஸ் வில்லரை 1948இல் உருவாக்கியவர்கள் ஜான் லூயிஜி போனெல்லி, அவ்ரேலியோ கல்லெப்பினி என்ற இரு இத்தாலியர்கள். டீன் மார்ட்டினும் இத்தாலிக் குடும்பத்துப் பிள்ளைதான். நிஜப் பெயர் டீனோ குரோச்செட்டி. ஆக இரண்டு டெக்ஸ்களுமே டெக்சாஸ்காரர்கள் இல்லை.

1989இல் அங்கிளின் மனைவி இறந்துபோனார். 1991இல் அவர் மகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். கிளம்புகிற அன்று பெட்டியை அப்பாவிடம் தூக்கிக் கொடுத்தார். "வெச்சிரு மேன், வந்து எடுத்துக்கறேன்." வரவில்லை. ஐந்தாறு கிறிஸ்துமஸ்களுக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு அதுவும் நின்றது. ரிட்டயரானதும் அப்பா மல்காஜ்கிரியில் சின்னதாக ஒரு வீடு கட்டினார். குடிபோகும்போது பெட்டியும் கூடவே வந்தது.

இனி என் தவறு.

தமிழில் முதுகலை முடித்து, டெல்லிக்கு வந்து, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். 2007இல், கிறிஸ்துமஸ் சமயத்தில், பக்கத்தில் ஓர் ஓரம் காலியாக இருக்கிறது, இருநூறு வார்த்தை வேண்டும் என்றார்கள். டீன் மார்ட்டின் இறந்தது 1995ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று. அதை வைத்து ஒரு துணுக்கு எழுதினேன். கடைசியில் கொஞ்சம் காரம் வேண்டுமே என்று, தொப்பி மாட்டிக்கொண்டு கௌபாய் வேஷம் போட்டுப் பாடிய இரண்டு இசைத்தட்டுகளை மறந்துவிடுவதே அவருக்குச் செய்கிற மரியாதை என்று முடித்தேன். அந்தத் தட்டுகளை நான் கேட்டிருக்கவில்லை. ஏதோ ஆங்கிலக் கட்டுரையில் இருந்த ஏளனத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்பா நான் எழுதியது எல்லாவற்றையும் படிப்பார். அபிப்பிராயம் சொல்லமாட்டார். அந்த வாரம் போன் செய்தார்.

"தம்பி, அந்தத் தட்டை நீ கேட்டிருக்கியா?"

"இல்லப்பா. ஏன்?"

"அங்கிளோட சம்சாரம் இறந்தாங்கல்ல, கல்லறைக்குப் போயிட்டு எல்லாரும் வந்தப்புறம், ராத்திரி அதைத்தான் போட்டாரு. நானும் கூட உக்காந்திருந்தேன். ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. எனக்கு ஒரு வார்த்தை புரியல."

பிறகு, "கேட்டுட்டு எழுதியிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் உடனே உட்கார்ந்து கேட்டேனா என்றால் அதுவும் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாதிப் பாட்டு கேட்டேன், யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன். 2021 மே மாதம் அப்பா இறந்தார். இரண்டாம் அலை. டெல்லியிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வருடம் போகிக்கு முன்னால் பெட்டியை இறக்க ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஜும்மா மசூதி அருகே மீனா பஜாரில் பழைய இசைத்தட்டு விற்கும் கடைக்காரரிடம் சொல்லிவைத்து, சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் ஒரு பிளேயர் வாங்கினேன். இரண்டு டீன் மார்ட்டின் தட்டுகளை மட்டும் பெட்டியிலிருந்து டெல்லிக்குக் கொண்டுவந்தேன்.

டீன் மார்ட்டின் யார் என்று தெரியாத இளைய வாசகர்களுக்கு: மைக்ரோபோன் வந்த பிறகு, கத்திப் பாட வேண்டிய அவசியம் போனது. காதருகே வந்து பேசுவதுபோலக் குழைந்து பாடும் பாடகர்கள் உருவானார்கள். க்ரூனர்கள் என்று அவர்களைச் சொன்னார்கள். பிங் கிராஸ்பி மூத்தவர், ஃபிராங்க் சினாட்ரா நடுவில், டீன் மார்ட்டின் அவர்களுக்குப் பின். 1917இல் ஒஹாயோ மாநிலத்தில் ஸ்டூபன்வில் என்ற எஃகுத் தொழில் ஊரில் பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர். ஐந்து வயதுவரை வீட்டில் பேசிய இத்தாலியப் பேச்சுமொழி தவிர வேறு தெரியாது. பள்ளியில் அவர் ஆங்கிலத்தைக் கேலி செய்தார்கள். பத்தாவதில் படிப்பை விட்டார். குத்துச்சண்டை போட்டார், எஃகு ஆலையில் வேலை பார்த்தார், சூதாட்ட மேஜையில் சீட்டுப் போட்டார். பிறகு பாட்டு. ஜெர்ரி லூயிஸோடு சேர்ந்து பத்து வருடம் நகைச்சுவை. 1956இல் ஜோடி பிரிந்தபோது, இனி லூயிஸ்தான் நிற்பார், இவர் காலி என்றே பலரும் எழுதினார்கள்.

காலியாகவில்லை. 1959இல் ஹோவர்ட் ஹாக்ஸின் 'ரியோ பிராவோ' படத்தில், குடியால் அழிந்து, கை நடுங்கும் துணை ஷெரீஃபாக நடித்தார். பார்த்தவர்களுக்கு அந்த நடுக்கம் மறக்காது. படத்தில் சிறைக்கூடத்தில் படுத்துக்கொண்டே அவர் ஒரு கௌபாய் பாட்டுப் பாடுவார். அதற்கு இசையமைத்த திமித்ரி தியோம்கின் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். கௌபாய் இசையின் அசல் மண் எது என்று தேடிப் போகிறவர்களுக்கு நல்ல அலைச்சல் காத்திருக்கிறது.

1962இல் ரே சார்லஸ் என்ற பார்வையற்ற கறுப்பினப் பாடகர், வெள்ளையர்களின் சொத்து என்று கருதப்பட்ட கன்ட்ரி பாடல்களை எடுத்து வாத்தியக்குழுவும் கோரஸுமாகப் பாடி ஒரு இசைத்தட்டு போட்டார். அமெரிக்காவையே அது அசைத்தது. அதற்கு முன்னும் க்ரூனர்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததுண்டு. கிராஸ்பி 1943லேயே ஒரு கன்ட்ரி பாட்டைப் பாடினார். டோனி பென்னெட் 1951இல் ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டை, முதலில் விருப்பமே இல்லாமல், பாடிப் பெரிய வெற்றி கண்டார். ஆனால் அவை ஒற்றைப் பாடல்கள். சினாட்ரா தொடங்கிய ரிப்ரைஸ் கம்பெனியில் சேர்ந்த மார்ட்டின், ஒரே வருடத்தில் இரண்டு முழுத் தட்டு பாடினார். அதற்குச் சற்று முன்னால்தான் பிரெஞ்சு பாணியில் ஒன்றும் லத்தீன் பாணியில் ஒன்றும் பாடியிருந்தார். எனவே இதுவும் ஒரு வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் பெரிதாக விற்கவில்லை. மறு வருடம் வேறொரு காதல் பாட்டு பீட்டில்ஸையே முதலிடத்திலிருந்து இறக்கியது. டெக்ஸை எல்லோரும் மறந்துபோனார்கள்.

முதல் தட்டைப் பாடும்போது அவருக்கு வயது 45. இப்போது எனக்கும் அதே வயது.

'கன்ட்ரி ஸ்டைல்' தட்டின் முதல் பாட்டில் பிளேயர் ஊசி எகிறுகிறது. அதே இடத்தில், ஒவ்வொரு முறையும். தட்டு முழுவதிலும் தேய்ந்திருப்பது அந்த ஒரு பாட்டுதான். அப்பா சொன்ன 'ஒரே பாட்டு' எது என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். தனிமை தாளாமல் அழுகை வருகிறது என்று ஹாங்க் வில்லியம்ஸ் 1949இல் எழுதிப் பாடியது. அமெரிக்கப் பாட்டுகளில் இதைவிடத் தனிமையான ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிய நான்கே வருடத்தில், 1953 புத்தாண்டு நாளில், கச்சேரிக்குப் போகிற வழியில் காரின் பின் இருக்கையிலேயே அவர் இறந்துபோனார். 29 வயது. போய்க்கொண்டிருந்த ஊர் கான்ட்டன், அதுவும் ஒஹாயோவில்தான் இருக்கிறது.

அந்தப் பாட்டில் ஒரு இரவுப் பறவை வருகிறது. தமிழில் சொல்ல வேண்டுமானால் பக்கி இனத்துப் பறவை. மொழிபெயர்க்க உட்கார்ந்தால் இங்கேயே கதை முடிந்தது. தனிமையில் கசியும் ஒரு வரியில் 'பக்கி' என்று போட்டால் வாசகர் எதை நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. நெய்தல் திணையைப் பாடம் படித்தவன் என்பதால், நான் அங்கே ஒரு அன்றிலை உட்கார வைத்துவிடுவேன். தவறுதான். ஆனால் பக்கியைவிடத் தேவலை.

அதே பாட்டில் நள்ளிரவு ரயிலின் ஓசையும் வருகிறது. அங்கிள் முப்பத்தைந்து வருடம் ராத்திரி ரயில் ஓட்டியவர். எத்தனையோ ஊர்களில் தூக்கம் வராமல் படுத்திருந்த யாருக்கோ தூரத்தில் கேட்ட ஓசை அவருடையது. அன்று ராத்திரி, மனைவியைப் புதைத்துவிட்டு வந்து, அவர் முதல் முறையாக அந்த ஓசையை மறுபக்கத்திலிருந்து கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது. இது என் ஊகம். அவரிடம் கேட்க வழியில்லை.

ஹாங்க் பாடும்போது குரல் உடையும். அலபாமாக் கிராமத்துக் குரல், மூக்கில் வரும். மார்ட்டின் அதை நகல் எடுக்க முயலவே இல்லை. தன் நகரத்துக் குரலில், பொத்தான் அவிழ்த்த சட்டையோடு நிற்பவர் போல, அவசரமில்லாமல் பாடுகிறார். பின்னால் கோரஸ் வருகிறது, அது கொஞ்சம் சர்க்கரைதான். முதல் தடவை கேட்கும்போது, இவருக்கு என்ன தனிமை தெரியும் என்றுதான் எனக்கும் பட்டது. நாலாவது தடவை பிடிபட்டது. அழுதுகொண்டிருக்கிற மனிதரின் பாட்டு ஹாங்க் பாடியது. மார்ட்டின் பாடுவது, அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, விருந்தாளிகளுக்கு டீ கொடுக்கிறவரின் பாட்டு.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். விதர்பாவில் ஒரு விவசாயி மராத்தியில் பேசுவார். நிருபர் அதை ஆங்கிலத்தில் எழுதுவார். அது என் மேஜைக்கு வரும். அந்த விவசாயி எந்த மாவட்டத் தமிழில் பேசுவது? ஆரம்ப வருடங்களில் நான் தாராளமாக அவரைத் திருநெல்வேலிக்காரர் ஆக்கிவிடுவேன். உயிரோட்டமாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார்கள். பிறகு ஒரு வாசகர் எழுதினார்: பருத்தி காய்ந்து கடனில் மூழ்கியவரின் வாயில் 'ஏலே' என்று கேட்டதும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும் என்று. அதிலிருந்து நிறுத்திக்கொண்டேன். விவசாயி எளிய தமிழில் பேசுகிறார், அவ்வளவுதான். வட்டார வழக்கு என்பது மாட்டிக்கொள்கிற தொப்பி. உள்ளேயிருந்து வந்தால்தான் அது தலை. மார்ட்டினின் தட்டில் தொப்பி உறையிலும் பெயரிலும்தான் இருக்கிறது. குரல் அதை மாட்டிக்கொள்ளவே இல்லை. நான் 'வேஷம்' என்று எழுதியது இதைத்தான்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஜானி கேஷின் 'ஐ வாக் தி லைன்' இவரிடம் வீணாய்ப் போகிறது. கேஷ் பாடும்போது ஒரு மனிதன் தன்னையே பிடித்து இழுத்து நிறுத்திக்கொள்வது கேட்கும். இவர் மாலை நடைக்குக் கிளம்பிவிடுகிறார். 'ஹே குட் லுக்கிங்' மாதிரி குஷியான பாட்டுகள் கையோடு வந்துவிடுகின்றன, கேட்டு முடித்ததும் போயும்விடுகின்றன. 'ரைட்ஸ் அகெய்ன்' தட்டில் இரண்டு பாட்டுக்காக மற்ற பத்தையும் மன்னிக்கலாம். ஒன்று, பழைய காதலியைத் தெருவில் பார்த்துவிட்டவனைப் பற்றிய ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டு. இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன்.

மார்ட்டின் இந்த வழியை அதற்குப் பிறகு விடவில்லை. இது பலருக்கும் தெரியாது. டெக்சாஸில் வளர்ந்த ஜிம்மி போவென் என்ற இளைஞர் தயாரிப்பாளராக அமைந்தார். 1965இல் 'ஹூஸ்டன்', 1967இல் ஜிம் ரீவ்ஸின் புகழ்பெற்ற பாட்டையே தலைப்பாக வைத்து 'வெல்கம் டு மை வோர்ல்ட்', 1968இல் 'ஜென்டில் ஆன் மை மைண்ட்', 1970இல் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு, 1971இல் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனின் பாட்டு என்று தட்டு தட்டாகப் போனது. டி.வி.யில் கையில் கோப்பையோடு தள்ளாடும் குடிகாரராக வந்து நாட்டையே சிரிக்கவைத்தவர், ஸ்டூடியோவில் கிராமத்துச் சோகங்களைப் பாடிக்கொண்டிருந்தார். ஜிம் ரீவ்ஸ் கிராமத்துப் பாட்டில் தொடங்கி க்ரூனரின் குழைவுக்கு வந்தவர். இவர் எதிர்த்திசையில் கிளம்பினார். இருவரும் வந்து சேர்ந்த இடம் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கிளின் பெட்டியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதில் ஆச்சரியமில்லை.

1983இல், 65 வயதில், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கே போய் ஒரு தட்டு பாடினார். தலைப்பு 'தி நாஷ்வில் செஷன்ஸ்'. அதில் கான்வே ட்விட்டி எழுதி, உடன் பாடிய ஒரு பாட்டுக்குப் பெயர் 'மை ஃபர்ஸ்ட் கன்ட்ரி சாங்'. இருபது வருடமாகப் பாடியவருக்கு முதல் கன்ட்ரி பாட்டாம். மறந்தவர்கள் ரசிகர்கள் மட்டுமல்ல என்று தெரிகிறது. அதுவே அவருடைய கடைசி ஸ்டூடியோ தட்டாகவும் ஆனது. 1987இல் அவர் மகன் டீன் பால், விமானப் படைப் பயிற்சியின்போது போர்விமானம் மலையில் மோதி இறந்தார். அடுத்த வருடம் சினாட்ராவோடு ஒரு கச்சேரிப் பயணம் கிளம்பிய மார்ட்டின், சில நாட்களிலேயே விலகி வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா இப்போதும் மல்காஜ்கிரி வீட்டில்தான் இருக்கிறார், தனியாக. டெல்லிக்கு வா என்றால் குளிர் என்பார். கோடையில் கூப்பிட்டால் வெயில் என்பார். வருடத்துக்கு இரண்டு முறை நான் போகிறேன். இந்த ஜனவரியில் போனபோது சூட்கேஸ் பிளேயரையும் இரண்டு தட்டுகளையும் எடுத்துப்போனேன். போகிக்கு முதல் நாள் பெட்டியை இறக்கி, அப்பா செய்ததுபோல் எல்லாவற்றையும் துடைத்தேன். பிறகு 'ரைட்ஸ் அகெய்ன்' தட்டைப் போட்டேன். அம்மா எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குரல் அங்கிள் வீட்ல கேட்டது" என்றார். இரண்டு மூன்று பாட்டு போனது. பிறகு நான் முன்னால் விட்டுவைத்த அந்த இன்னொரு பாட்டு வந்தது. முப்பதுகளில் எழுதப்பட்டது. ஒரு வயதான தாய், ஆடும் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகள் எட்டிப்பார்ப்பதில்லை. மார்ட்டின் அதை ஊஞ்சல் ஆட்டுவதுபோலப் பாடுவார்.

அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "தாலாட்டு மாதிரி இருக்கே. என்னப்பா சொல்றான்?"

இருபது வருடமாக இதுதான் என் வேலை.

"ஒரு பாட்டி நாற்காலில உக்காந்திருக்காங்கம்மா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்கா இவ்வளவு நேரம் பாடுறான்?" என்றார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவர், சமையலறை வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்:

"முடிஞ்சதும் தட்டை நிக்க வை. படுக்கப் போட்டுடாதே."